நாற்பத்தோராம் நம்பர்

நாற்பத்தோராம் நம்பர் வீட்டில் தாத்தா இல்லை. முப்பத்தேழாம் வருஷத்துப் புத்தகத்திலும் இல்லை, முப்பத்தொன்பதிலும் இல்லை, கடைசி நம்பிக்கையாக இன்று காலை கேட்டு வாங்கி இப்போது மேஜைமேல் மல்லாந்து கிடக்கிற நாற்பத்தோராம் வருஷத்துப் பட்டண டைரக்டரியிலும் இல்லை. தணிகாசலம் விரலை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் இல்லை என்பது உறுதியாகிவிடும். ஆவுடையப்பன் தெரு, ஒற்றைப்படை வரிசை, முப்பத்தொன்பது கற்பூரக் கிடங்கு, நாற்பத்தொன்று டி. எஸ். வேதமாணிக்கம், கப்பல் கம்பெனி குமாஸ்தா, நாற்பத்துமூன்று காலி மனை. தாத்தா வேலாயுதம் இருக்கவேண்டிய இடத்தில் வேதமாணிக்கம். அடுத்தவன் சீட்டில் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டிக்கெட்டைக் காட்டினாலும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற ரயில் ஆசாமி மாதிரி, வருஷத்துக்கு வருஷம் அதே இடத்தில், அதே கப்பல் கம்பெனியில், ஒரு பிரமோஷன்கூட இல்லாமல். எழுந்திருய்யா, என்றார் தணிகாசலம். மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தார். எதிர் மேஜையிலிருந்து நூலகத்து அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சார் வேணும்?" "ஒண்ணுமில்லே." "பேனாவை உள்ளே வெச்சிடுங்க சார், பென்சில்தான்." சட்டைப்பையில் செருகியிருந்த பேனா அது, அவர் அதைத் தொடக்கூட இல்லை. எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். மின்விசிறி கடகடவென்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது. பக்கத்தைப் புரட்டினால் பழுப்புத் தூள் உதிர்ந்தது, ஊறவைத்த பருப்பும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை, அது மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, தும்மினால் அரைப்பக்கம் பறந்துவிடும் என்று பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே சிவந்து உட்கார்ந்திருந்தார். தும்மல் போய்விட்டது. வேதமாணிக்கம் போகவில்லை.

அக்கா வண்டியில் ஏறியிருப்பாள். ஏறியிருப்பாள் என்ன, ஈரோடு தாண்டியிருப்பாள், ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பாள், எதிர் சீட்டுக்காரர்களுக்கெல்லாம் எதையாவது தின்னக் கொடுத்திருப்பாள். வருகிற வாரம் மெல்போர்னில் பிள்ளையோடு இருக்கப் போகிறாள், போனால் போனதுதான், கோயம்புத்தூர் வீட்டை விற்றாயிற்று, எண்பது தாண்டிய மங்கையர்க்கரசி இனிமேல் சமுத்திரத்தைத் தாண்டித் திரும்பி வந்து யார் வாசலில் நிற்கப்போகிறாள். அதனால்தான் கேட்டாள். போனில் ஒருநாள், ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில், ஏதோ கடைசியாக நினைவு வந்த மளிகைச் சாமான் போல. "டேய் தணிகா, நான் பொறந்த வீடு பட்டணத்திலே இருக்கா இல்லையாடா? அந்த வாசப்படியிலே ஒரு தரம் நின்னுட்டுப் போறேன். உனக்குத்தான் ஊர்லே இருக்கற வாசப்படி எல்லாம் தெரியுமே." அவருக்குத் தெரியும். மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் கணக்கெடுத்தவர். "இருக்கும்" என்றார். "எங்கேடா?" "கண்டுபிடிச்சாச்சு, வெச்சிடு" என்று வைத்தும் விட்டார். அதுதான் தப்பு. கண்டுபிடித்திருக்கவில்லை. ஆனால் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, தவலையில்தான் வெட்டியிருக்கிறதே என்று நினைத்தார். அக்கா அந்த வீட்டில் பிறந்த சூட்டோடு, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நாற்பத்திரண்டு கோடையில் பட்டணமே மூட்டை கட்டியபோது, தாத்தாவும் அப்பாவும் அம்மாவும் அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாலாஜாப்பேட்டைக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் திரும்பவில்லை. தணிகாசலம் அங்கேதான் பிறந்தார். பட்டணத்து வீட்டைப் பற்றி அப்பாவைக் கேட்டால் "பூக்கடைப் பக்கம்" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாயைத் திறக்காத பரம்பரை. அம்மாவை அவர் கேட்டதில்லை. அம்மாவிடம் போய் என்னத்தைக் கேட்பது, அவள் எப்போதும் சமையற்கட்டில் இருந்தாள், அவர் எப்போதும் வாசலில் இருந்தார். அக்கா கேட்டிருக்கிறாள். "நீ பொறக்கறப்போ என்னைப் பாடாப் படுத்தினே, அவ்வளவுதான் ஞாபகம்" என்று சொல்லிவிட்டாளாம் அம்மா.

ஆனால் தவலை பொய் சொல்லாது. அம்மா சாகும்வரை வெந்நீர் போட்ட பித்தளைத் தவலை, வாலாஜாப்பேட்டையிலிருந்து அவரோடு பட்டணத்துக்குத் திரும்பி வந்து, கெய்சர் வந்தபிறகு பரணில் ஏறிக் கவிழ்ந்து கிடந்தது. அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டிய எழுத்து: வே. 41 ஆவுடையப்பன் தெரு. வே என்றால் வேலாயுதம், வேறு யார். அந்தக் காலத்தில் கல்யாணம் கருமாதிக்குப் பாத்திரம் வீட்டுக்கு வீடு போய் வரும், மாறிப்போகாமல் இருக்கப் பேர் வெட்டுவார்கள், கெட்டிக்காரன் கதவு நம்பரையும் சேர்த்து வெட்டுவான். தாத்தா கெட்டிக்காரர். தாத்தாவுக்கு மெஷின் வேலை என்று அப்பா ஒருமுறை வாய்தவறிச் சொன்னதை வைத்து, ஆபீசில் எல்லாரிடமும் எங்க தாத்தா மில்லில் எஞ்சினியர் என்று சொல்லியிருக்கிறார் தணிகாசலம், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள், யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். நேற்று சாயங்காலம் வீட்டுக்காரி அபரஞ்சி கடைக்குப் போனநேரம் பார்த்து, பரணில் ஏறி, வயசென்ன காலென்ன என்று பாராமல் ஏறித் தவலையை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி ஆக்கி, சாமி அறையில் நடுநாயகமாக வைத்து ஒரு முழம் சாமந்தி சுற்றி வைத்திருக்கிறார். அக்கா உள்ளே வந்ததும் காட்டவேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது, விரலால் காட்டவேண்டும், இதோ நம்பர், இதோ தெரு, வா வண்டியில் ஏறு. அபரஞ்சியிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நாலு கேள்வி கேட்பாள். ஒரு மாதமாக நூலகத்துக்கு வருவதற்குக்கூட "வேலை இருக்கு" என்பதோடு சரி. இந்த வயசில் என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை, டிபன் டப்பாவில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தாள்.

விரல் இன்னும் நாற்பத்தொன்றின்மேல்தான் இருந்தது. போன வாரம் அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அதை நினைத்தாலே காதுமடல் சுடுகிறது. பூக்கடையில் பஸ்ஸை விட்டிறங்கி, கூட்டத்தில் நசுங்கி, குறுக்கே போகலாம் என்று ஒரு சந்தில் நுழைந்து, செருப்புக்குள் கல் புகுந்து, யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குடத்தோடு ஒரு பெண்பிள்ளை வந்து, "பெரியவரே, வழியிலே உக்காந்தா எப்படி, தள்ளுங்க" என்றாள். "இது என்ன உன் பாட்டன் வீடா?" என்று சொல்ல வந்தார், அவள் பாட்டன் வீடாகவே இருக்கலாம் என்று தோன்றி, எழுந்து நடந்தார். ஆவுடையப்பன் தெரு நாற்பத்தொன்று, பழைய எண், புதிய எண் எண்பத்தாறு. இந்த ஊரில் ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு நம்பர், கடிதம் போடுகிறவனுக்கு ஒன்று, வரி போடுகிறவனுக்கு ஒன்று, இரண்டையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் தணிகாசலம் ஒருவர்தான். கீழே பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரம், மாடியில் குடியிருப்பு. ஆல்வின் என்று ஒரு நடுவயசுக்காரர் பனியனோடு இறங்கி வந்தார். நல்ல மனுஷன்தான். "எங்க தாத்தா வேதமாணிக்கம் கட்டின வீடு சார் இது. ஆரம்பத்திலேயிருந்து நாங்கதான்." "இல்லே" என்றார் தணிகாசலம். "இல்லேன்னா?" "எங்க தாத்தா இருந்த வீடு." "வாடகைக்கு இருந்தாரா சார்? தாத்தா யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லையே. வாங்க, உள்ளே வாங்க, ஒரு காப்பி சாப்பிட்டுட்டுப் பேசலாம்." "வேண்டாம்." "மழை வர்ற மாதிரி இருக்கு சார்." "புத்தகத்திலே பார்த்துட்டு வரேன்" என்று சவால் விட்ட மாதிரி சொல்லிவிட்டு வந்தாயிற்று. மழையும் வந்தது. நனைந்ததும் ஆயிற்று. புத்தகத்திலே பார்த்தும் ஆயிற்று. இனிமேல் அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது, அவன் காப்பியை வேண்டாம் என்றதற்காகவாவது அவன் சொன்னது பொய்யாக இருந்திருக்கக்கூடாதா.

அப்படியானால் அப்பா என்ன, தாத்தா என்ன. ஒருவேளை வேதமாணிக்கமும் வேலாயுதமும் ஒரே ஆளா? இந்த எண்ணம் வந்ததும் தணிகாசலம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு தாத்தா வேதக் கோயிலுக்குப் போகிறார், மணி அடிக்கிறது, கையில் கறுப்புப் புத்தகம், வாலாஜாப்பேட்டைக்கு ஓடுகிற வழியில் எங்கேயோ ராணிப்பேட்டைப் பக்கம் கோட்டைக் கழற்றிவிட்டு விபூதி பூசிக்கொள்கிறார். அப்படியென்றால் ஆல்வின் யார், சித்தப்பன் மகனா? சீ, தாத்தாவுக்கு நெற்றி நிறைய விபூதி போட்ட போட்டோ ஒன்று இருக்கிறது, காதில் கடுக்கன் வேறு. அப்புறம் கப்பல் கம்பெனி. தாத்தாவுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள், குளிக்கவே யோசிப்பாராம். அவர் கப்பலில் என்ன செய்வார். புத்தகத்தின் பின்பாதியில் பேர்வாரியாகவும் போட்டிருக்கிறது, அதையும் ஒருவாரமாகச் சலித்தாயிற்று, வேலாயுதம் என்றால் ஒரு பக்கம் முழுக்க வேலாயுதம், அரிசி மண்டி வேலாயுதம், வக்கீல் வேலாயுதம், நாட்டு மருந்து வேலாயுதம், பத்திரம் எழுதுகிற வேலாயுதம், கோணிக்காரர் சந்தில் தையல் மெஷின் ரிப்பேர் வேலாயுதம். ஆவுடையப்பன் தெருவில் மட்டும் ஒரு வேலாயுதமும் இல்லை. தையல் மெஷின் ஆளைப் பார்த்து இன்று காலையில்கூடச் சிரிப்பு வந்தது, அரிசி மண்டிக்கும் வக்கீலுக்கும் நடுவில் கையில் எண்ணெய்ப் புட்டியோடு அந்த ஆளும் தைரியமாக வந்து நிற்கிறானே, பேர் அச்சில் வரவேண்டும் என்று அந்தக் காலத்தில் புத்தகக்காரனுக்கு எவ்வளவு கொடுத்தானோ, எவன் வீட்டுத் தாத்தாவோ பாவம் என்று. பேரப்பிள்ளைகள் எவனாவது தேடிக்கொண்டு வருவானா. வரமாட்டான். எல்லாருக்கும் வக்கீல் தாத்தாதான் வேண்டும்.

மணி என்ன இருக்கும். பசித்தது. பசியா, சர்க்கரை இறங்குகிறதா. மாத்திரை. மாத்திரை டப்பாவை எடுத்தோமா? பையைத் துழாவினார், தயிர்சாதம் இருந்தது, குடை இருந்தது, மாத்திரை இல்லை. இதுதான் ஆரம்பமோ. வாரியத்தில் கூட வேலை பார்த்த சாமிக்கண்ணுவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, முதலில் கண்ணாடியை மறந்தான், அப்புறம் சாவியை, அப்புறம் வீட்டுக்குப் போகிற தெருவை, கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு மீட்டர் எங்கே இருக்கு என்று கேட்டான். தான் தவலையை இறக்கினது நிஜம்தானா? அதில் வெட்டியிருப்பது நாற்பத்தொன்றுதானா, பதினான்கை மாற்றிப் படித்துவிட்டோமா? இல்லை, புளியைப் போட்டு விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தடவிப் பார்த்தார், கட்டைவிரல் நகக்கண்ணில் இன்னும் பச்சையாகக் களிம்பு இருக்கிறது. அது ஒரு ஆறுதல். அடுத்த நிமிஷமே வேறொன்று தோன்றியது, இதுதான் இத்தனை நேரமும் ஓரத்தில் நின்று செருமிக்கொண்டிருந்தது. பேசாமல் அக்காவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது ஒரு பழைய வாசற்படியைக் காட்டிவிட்டால் என்ன? இதுதான் என்றால் இதுதான். அவளுக்கு என்ன தெரியும், துணியில் சுற்றிக்கொண்டு போன பிள்ளை. நிற்பாள், குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், முட்டி வலியோடு குனிவாள், ஒரு சொட்டு அழுவாள், மெல்போர்னுக்குப் போய் எல்லாரிடமும் சொல்வாள். யாருக்கு நஷ்டம். கதவு பூட்டியிருந்தால் மீட்டரைப் பார்க்காமல், போன தடவை இவ்வளவு, இந்தத் தடவையும் இவ்வளவு என்று உத்தேசமாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் வாரியத்தில் இருந்தார்கள். தணிகாசலம் எழுதினதில்லை. மறுநாள் போவார், அதற்கு மறுநாளும் போவார், கதவைத் தட்டித் தட்டி அந்தத் தெருவில் அவருக்குச் சனியன் என்று பேர். முப்பது வருஷம் சனியனாக இருந்துவிட்டு, அக்காவுக்குப் போய் உத்தேசமாக ஒரு படியைக் காட்டுவதா. அவள் அழுகிற சொட்டு எவன் வீட்டுப் படியிலோ விழுவதா. முடியாது. இல்லை என்று சொல்லிவிடலாம். நேராக ஸ்டேஷனிலேயே சொல்லிவிடலாம், அக்கா, வீடு கிடைக்கலே. அவள் சிரிப்பாள். அதுதான் தாங்காது, அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள், "போனாப் போறதுடா" என்று சிரித்து, கூடையிலிருந்து எதையாவது எடுத்து வாயில் திணிப்பாள்.

கால்சட்டைப் பையில் போன் துடித்தது. நூலகத்து அம்மா வாசலைக் கை காட்டினாள். எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பாள், அபரஞ்சிதான், வேறு யார் அவரைக் கூப்பிடுகிறார்கள். தணிகாசலம் விரலை எடுக்காமல் இடது கையால் மேஜையில் கிடந்த காகிதத் துண்டை இழுத்து நாற்பத்தொன்றின்மேல் அடையாளம் வைத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. வேப்பமரத்தடியில் எவனோ ஒருவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, மாத்திரை டப்பாவை விட்டுட்டுப் போயிட்டீங்க."

"ம்."

"ம்முன்னா? சோத்துக்கு முன்னாடி போடணும்ல?"

"வந்து போட்டுக்கறேன். வெச்சிடு."

"இருங்க, அதுக்குள்ளே என்ன. அண்ணி போன் பண்ணாங்க, காட்பாடி தாண்டியாச்சாம். மைசூர்பாகு கிண்டிக் கொண்டாராங்களாம், சர்க்கரைக்காரனுக்குக் கிடையாதுன்னு சொல்லச் சொன்னாங்க."

"சரி."

"இன்னொண்ணு. சாமி ரூம்ல அந்தத் தவலையை எதுக்குக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க? பூ வேற! முருகன் மூலையிலே ஒண்டிக்கிட்டு நிக்கறாரு."

"இருக்கட்டும். தொடாதே."

"தொடாதேன்னா, வெளக்கு எங்கே ஏத்தறது?"

"அது தாத்தாவோடது. கழுத்திலே வீட்டு நம்பர் இருக்கு பாரு. அக்காவுக்குக் காட்டணும். அந்த வீட்டைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யார் தாத்தாவோடது?" என்றாள் அபரஞ்சி.

"என் தாத்தாவோடது. வேற யார் தாத்தாவோடது?"

"கடவுளே. அது வேதமாணிக்கத்தம்மாவோட தவலைங்க."

அந்தப் பேரைத் தணிகாசலம் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறியிருப்போமோ?

"உனக்கு யார் சொன்னது?"

"அத்தைதான். நான் கல்யாணம் ஆகி வந்த மொத வாரம், அழுக்கா இருக்கேன்னு அதை எடுத்துப் பரபரன்னு தேய்க்கறேன். ஓடி வந்து கையைப் புடிச்சிக்கிட்டாங்க. 'அதை மட்டும் மெதுவாத் தேய் தாயி, பேர் அழிஞ்சிடப் போவுது, வேதமாணிக்கத்தம்மா வந்து கேட்டா அடையாளம் காட்டிக் குடுக்கணும்'னாங்க. அண்ணி பொறந்தப்போ வெந்நீர் வெக்கப் பெரிய பாத்திரம் இல்லேன்னு அந்தம்மாதான் பின்னாலே மதிலுக்கு மேலே தூக்கிக் குடுத்தாங்களாம். ரெண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே மதில். திருப்பிக் குடுக்கறதுக்குள்ளே குண்டு போடறான், ஓடுன்னுட்டாங்க. தவலையும் வண்டியிலே ஏறிடுச்சி. வருஷா வருஷம் பொங்கலுக்குப் பாத்திரம் வெளக்கறப்போ சொல்லுவாங்க, அந்தம்மா என்ன நெனச்சிருப்பாளோ, திருடின்னு நெனச்சிருப்பாளோன்னு."

"பின்பக்கம்" என்றார் தணிகாசலம்.

"ஆமா, பின்பக்கம். அவங்களுது பெரிய தெருவாம். நம்மளுது அதுக்குப் பின்னாடி ஏதோ சந்துதானாம். மழை பேஞ்சா தெருவெல்லாம் நனைஞ்ச சாக்கு நாத்தம் அடிக்கும், அண்ணி வயித்திலே இருக்கறப்போ அந்த நாத்தத்துக்கே வாந்தி எடுப்பேன்னு அத்தை சொல்லியிருக்காங்க. உங்க தாத்தா பாவம், வாசல்லே குந்திக்கிட்டு யார் வீட்டுத் தையல் மெஷினையோ பிரிச்சிப் போட்டுக்கிட்டு..."

"ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"நீங்க எப்போ கேட்டீங்க? போறேன், வரேன், சோறு போடு. இத்தனை வருஷத்துலே இந்த மூணைத் தவிர உங்க வாயிலேயிருந்து நாலாவதா ஒண்ணு வந்திருக்கா? தவலையைத் தேய்க்கறவளைக் கேக்கணும், தவலையைப் போய்க் கேட்டா?" அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. "ஏங்க, அடுத்தவங்க தவலைக்குப் பூ சுத்திக் கும்பிட்டீங்களே, சூடமும் காட்டினீங்களா?"

"வெச்சிடு" என்றார். பிறகு, வைக்காமல், "மாத்திரையை எடுத்து வெளியே வை, வரேன்" என்றார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள்காரன் சக்கரத்தைச் சுற்றிவிட்டான், அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், நனைந்த சாக்கு, சாக்கு என்றால் கோணி, தையல் மெஷின், மெஷின் வேலை, கையில் எண்ணெய்ப் புட்டியோடு அரிசி மண்டிக்கும் வக்கீலுக்கும் நடுவில் தைரியமாக நின்ற ஆள். எவன் வீட்டுத் தாத்தாவோ பாவம். ஒரு வாரமாகத் தினமும் அந்த மனுஷன் தலைமேல் விரல் வைத்துத் தாண்டிப் போயிருக்கிறார், ஆவுடையப்பன் தெருவா நீ, இல்லையா, தள்ளு, வழியிலே உக்காந்தா எப்படி என்கிற மாதிரி. தாத்தா ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று பார்த்திருப்பார், பேரன் வருகிறான், பேரன் போகிறான். முப்பது வருஷம் வாசலோடு நின்று மீட்டரைப் பார்த்துவிட்டுப் போன மனுஷனுக்கு வீடு என்றால் வாசல்தான், வாசல் என்றால் நம்பர்தான். கொல்லைப்புறம் என்று ஒன்று இருப்பதும், அங்கே ஒரு மதில் இருப்பதும், அதன்மேல் பெண்பிள்ளைகள் தவலையைத் தூக்கிக் கொடுப்பதும் எந்தக் கார்டில் எழுதியிருக்கிறது. சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது, அடக்கப் பார்த்தார், காலையில் பிடித்து வைத்த தும்மலும் அதனோடு சேர்ந்துகொண்டு இரண்டும் ஒன்றாக வெடித்ததில் சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான்.

உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். மெதுவாக என்று நூலகத்து அம்மா இருமினாள். கோணிக்காரர் சந்து மூன்று விரல்கடை அளவுக்கு அச்சாகியிருந்தது, சாக்குத் தைப்பவர்கள், கயிற்றுக் கடை, ஒரு ஜோசியர், அப்புறம் இதோ, ஒன்பது, சி. வேலாயுதம், தையல் மெஷின் ரிப்பேர். ஒன்பது. தணிகாசலம் அந்த வரியைத் தொட்டார், தொட்ட விரலை எடுக்கவில்லை, இந்தத் தடவை வேறு காரணத்துக்காக. எஞ்சினியர் போனார், போகட்டும், அந்த ஆளைத் தனக்கு எப்போதுமே அவ்வளவாகப் பிடித்ததில்லை என்று இப்போது தோன்றியது. சி என்றால் என்ன, சின்னசாமியா, சிதம்பரமா, சிங்காரமா? பாட்டனுக்கு அப்பன் ஒருவன் எழுத்து ஒன்றில் வந்து நிற்கிறான், அவனை அப்புறம் பார்க்கலாம், அபரஞ்சிக்குத் தெரிந்தாலும் தெரிந்திருக்கும். ஒன்பது என்றால், பூக்கடையிலிருந்து நுழைந்தால் வலதுகைப் பக்கம். செருப்பில் கல் புகுந்த சந்து. கல்லைத் தட்டும்போது பழக்கதோஷத்தில் கண் தானாகக் கதவுத் தகட்டுக்குப் போயிருக்கிறது, பழைய எண் ஒன்பது, புதிய எண் இருபத்துமூன்று. இல்லை பதினொன்றா? ஒன்பதுதான். பதினொன்றாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த படிதானே, வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது, போய்த் தகட்டைப் பார்த்துவிட்டால் போகிறது, உத்தேசம் கூடாது. தேய்ந்த கருங்கல் படி, நடுவில் பள்ளம் விழுந்து ஆள் உட்காரத் தோதாக இருந்தது, அதில் உட்கார்ந்துதான் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டிருப்பார், அந்தப் பள்ளத்தில் தானும் போன வாரம் உட்கார்ந்திருந்தார், குடத்தோடு வந்தவள் தள்ளச் சொன்னாள், இவரும் தள்ளினார். இன்றைக்கு அவளிடம் சொல்லவேண்டும். தாயி, கொஞ்சம் தள்ளு, எங்க அக்கா நிக்கணும், முட்டி வலி, ரொம்ப நேரம் ஆகாது. சொல்ல வாய் வருமா? அக்கா பேசிக்கொள்வாள். அப்புறம் அப்படியே ஆட்டோவை வளைத்து ஆவுடையப்பன் தெருவுக்கு விடவேண்டும், அக்கா மடியில் தவலை, கழுத்தில் சாமந்தியோடேயே இருக்கட்டும். ஆல்வினுக்கு என்ன சொல்வது. ஒன்றும் சொல்ல வேண்டாம், விரலால் எழுத்தைக் காட்டினால் போதும், வே. 41. அம்மா திருடியில்லை என்று அக்கா எடுத்துச் சொல்லிவிடுவாள். அவன் காப்பி குடிக்கச் சொல்வான். குடிக்கவேண்டும். சர்க்கரை போட்டே குடிக்கவேண்டும்.

காகிதத் துண்டில் பென்சிலால் எழுதினார்: 9, கோணிக்காரர் சந்து. மடித்துப் பேனா இருந்த பையில் வைத்தார். மூன்று புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி நூலகத்து அம்மாவின் மேஜைக்குக் கொண்டுபோனார், வழக்கமாக அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர். அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்ன சார், இன்னிக்கு முகமே வேற மாதிரி இருக்கு. மொத நாள் கேட்டீங்களே, அந்தத் தாத்தா கிடைச்சிட்டாரா?"

"ம்."

"நெஜமாவா! எந்த வருஷத்துப் புத்தகத்திலே சார்?"

"எல்லாத்துலேயும் இருந்தாரு. நான்தான் தப்பான வாசல்லே தட்டிக்கிட்டிருந்தேன். வீட்டிலே சொன்னாங்க."

"வீட்டிலேன்னா?"

"வீட்டுக்காரி."

"அவங்களை மொதல்லேயே கூட்டிட்டு வந்திருந்தா நான் இத்தனை புத்தகத்தை மாடியிலேயிருந்து எறக்கியிருக்க வேண்டாம் சார்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். "அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க. கார்டு போட்டு வைக்கறேன். பேர் என்ன?"

தணிகாசலம் வாயைத் திறந்து மூடினார். ஏய் என்றும், இந்தா என்றும், கேட்டியா என்றும் கூப்பிட்டதற்கு மேல், ஐம்பது வருஷமாக வேறெதுவும் தேவைப்பட்டதில்லை. ரேஷன் கார்டில் இருக்கிறது, படித்திருக்கிறார். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அபரஞ்சி" என்றார்.